சோம்பேறி என்று பெயர் வைக்குமுன்: மலையகப் பதின்ம வயதினரின் உடம்பும் ஓட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலும் டவுன்களிலும் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும், பாடசாலை ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கொழும்பு ஜிம்மையும் புல்வெளி மைதானத்தையும் மனதில் வைத்து எழுதிய ஆலோசனை, லயத்து (தோட்ட வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், அவ்வளவாகச் செல்லாது. ஆட வர மறுக்கும் பிள்ளைக்கு நாம் முதலில் வைக்கிற பெயர் 'சோம்பேறி'. அதை வைக்குமுன் பார்க்க வேண்டியவை நாலு: இரத்தம், உள்ளாடை, சப்பாத்து, ஊர் வாய்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உடம்பை அசைக்க வேண்டும்? பாடசாலைக்கு மலை ஏறி நடப்பது கணக்கில் வருமா?

வரும். 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடமாகச் சேர்ந்தாலும் போதும். வேகம் போதுமா என்று பார்க்க எளிய வழி: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பணிய லயத்திலிருந்து மேட்டு ரோட்டுக்குப் புத்தகப் பையோடு 20 நிமிடம் ஏறும் பிள்ளை காலையிலேயே மூன்றில் ஒரு பங்கை முடித்துவிடுகிறது. பீலியில் தண்ணீர் பிடித்துத் தூக்குவதும் விறகு பிளப்பதும் சேரும்.

ஆனால் வாரத்தில் 3 நாளாவது நெஞ்சு படபடக்கும் அசைவும், தசைக்கும் எலும்புக்கும் வேலை தரும் அசைவும் வேண்டும். ஓட்டம், குதித்தல், கயிறடித்தல், கபடி, கரப்பந்து எல்லாம் இதில் அடங்கும். நடக்கிற பிள்ளைகளிடம் குறைவது பெரும்பாலும் இதுதான். டவுனில் ஆட்டோவில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு இரண்டுமே குறைவு. 1.30க்குப் பாடசாலை விட்டு, இருட்டும் வரை டியூஷன் வாங்கில் உட்கார்ந்திருந்தால் 60 நிமிடம் எங்கிருந்து வரும்? வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே ஆட்டோவை விட்டு இறங்கி நடப்பது, பலருக்கும் கைகூடிய முதல் மாற்றம்.

புத்தகப் பை உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 40 கிலோ பிள்ளைக்கு 4 முதல் 6 கிலோ. ஒரு நாள் பையைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

மகள் தரம் 7 வரை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடியவள். இப்போது உடற்கல்விப் பாடம் என்றாலே வயிற்று வலி என்கிறாள். ஏன்?

வயிற்று வலி பொய்யாக இருக்கலாம். அதற்குப் பின்னால் இருக்கிற காரணம் பொய்யாக இருக்காது. இந்த வயதில் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு ஒதுங்குவதற்கு அனேகமாக மூன்று காரணங்கள்.

முதலாவது மார்பு. ஓடும்போது அசைகிறது, வலிக்கிறது, யாரோ பார்த்துச் சிரிக்கிறார்கள். இதை அம்மாவிடம்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தேவை, இறுக்கமான விளையாட்டு உள்ளாடை ஒன்று. வாங்கும்போது மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டியைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். முதுகுப் பக்கம் மேலே ஏறினால் பெரிது. பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், நுழையாவிட்டால் சிறிது. போட்டுக்கொண்டு பத்துத் தடவை குதிக்கச் சொல்லுங்கள், கையை மேலே தூக்கி ஆழமாக மூச்சும் இழுக்கச் சொல்லுங்கள். இரண்டும் சிரமமில்லாமல் முடிந்தால் அதுதான் அளவு. வாங்க வசதியில்லையென்றால் வழமையான உள்ளாடைக்கு மேல் உடம்போடு ஒட்டிய பெனியன் ஒன்று போடலாம். துணி வைத்து வரிந்து கட்டுவது மட்டும் வேண்டாம். மூச்சை அடைக்கும், விலா வலிக்கும்.

இரண்டாவது மாதவிடாய். கறை பட்டுவிடுமோ என்ற பயம் வலியைவிடப் பெரிது. பாடசாலைக் கழிவறையில் தண்ணீர் உண்டா, பாவித்த பேடைப் போட மூடியுள்ள வாளி உண்டா என்று பாருங்கள். இல்லாத இடத்தில், மாற்ற வழியில்லாமல் காலை 6 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை ஒரே பேடோடு இருக்கும் பிள்ளையிடம் ஓடு என்றால் எப்படி ஓடும்? 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த நாட்களில் ஓடுவதால் கருப்பைக்கு எந்தக் கெடுதியும் இல்லை. நடையும் மெல்லோட்டமும் பலருக்கு வலியைக் குறைக்கும்.

மூன்றாவது உடுப்பும் ஊர் வாயும். 'சடங்கு முடிந்த பிள்ளை இன்னும் கட்டைக் காற்சட்டையோடு ஓடுதே' என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். முழுக்கால் டிரக் போட்டு ஓட அனுமதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். நேர அட்டையில் கால் மறைந்ததா இல்லையா என்று எழுதுவதில்லை.

பெரியபிள்ளையான பிறகுதான் எலும்பு வேகமாகக் கெட்டிப்படுகிறது. உயரமும் வழக்கமாக இன்னும் 5 முதல் 7 செ.மீ. வரை கூடும். மூலையில் உட்கார வைக்க இதைவிடப் பிழையான காலம் இல்லை.

கொஞ்சம் மேடு ஏறினாலே மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது. பயிற்சி போதாதா?

பயிற்சிக்கு முன் இரத்தம். பெண் பிள்ளைகள் என்றால் கட்டாயம் பாருங்கள். குருதிச்சோகை உள்ள பிள்ளை சோம்பேறி மாதிரியே தெரியும்: காலையில் எழும்பாது, வகுப்பில் தூங்கும், இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிடும். கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருப்பது ஓர் அடையாளம்தான். உறுதி செய்ய இரத்தப் பரிசோதனை வேண்டும்.

மலையகத்துக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு இதில் இருக்கிறது. உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் அடர்த்தி குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டி வைத்திருக்கும். எனவே அறிக்கையில் வரும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2024 வழிகாட்டலின்படி, ஹீமோகுளோபின் எண்ணிலிருந்து (g/dL அளவில்) 500 முதல் 999 மீட்டர் வரையுள்ள இடத்தில் 0.4, 1,000 முதல் 1,499 வரை 0.8, 1,500 முதல் 1,999 வரை 1.1 கழிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே வளர்ந்த 13 வயதுப் பிள்ளைக்கு 12.4 என்று வந்தால், கழித்த பிறகு 11.3. 12 முதல் 14 வயது வரை எல்லை 12. அதாவது, 'நோர்மல்' என்று மடித்து வைத்த அறிக்கை உண்மையில் குருதிச்சோகையைத்தான் சொல்கிறது. 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. அறிக்கையைக் காட்டும்போது எந்த ஊர் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது நம் சாயத்தண்ணி. ரொட்டியைக் கடித்து பிளேன்டீயைக் குடிக்கும் பழக்கம், ரொட்டியிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் தடுக்கக்கூடும். உலகத்துக்கே தேயிலை கொடுத்துவிட்டு அதைக் குடிக்காதே என்று சொல்ல வரவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்தத் தடை பெருமளவு நீங்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கட்டும். வல்லாரை, கங்குன், கௌப்பி, பருப்பின் மேல் தேசிக்காய் பிழியட்டும். கொய்யா இருந்தால் சாப்பாட்டோடேயே கொடுங்கள். கோழி ஈரல் 100 கிராமில் ஏறத்தாழ 9 மி.கி. இரும்புச்சத்து உண்டு. 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 15 மி.கி., ஆணுக்கு 11 மி.கி.

இரும்பு மாத்திரை கொடுத்தால் தேநீரோடு விழுங்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும். அது வழமை, பயந்து நிறுத்தாதீர்கள். குமட்டினால் சாப்பிட்ட பின் எடுக்கலாம். மாதக் கணக்கில் எடுத்தும் எண் ஏறாவிட்டால் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்) உண்டா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரத்தம் சரி, ஆனாலும் இழுப்புச் சத்தம், இரவில் இருமல், குளிர் காற்றில் நெஞ்சு இறுகல் என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். விறகுப் புகை நிறைந்த குசினி அதைக் கூட்டும். ஓடுவதை நிறுத்த வேண்டியதில்லை, மருந்தை ஒழுங்காக எடுத்தால் போதும்.

எடை சரியா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

கிலோவை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுங்கள். 150 செ.மீ., 45 கிலோ என்றால் 45 ÷ 1.5 ÷ 1.5 = 20. இதுதான் உடற்திணிவுச் சுட்டி. பெரியவர்களுக்குச் சொல்லும் 18.5, 23 என்ற எல்லைகளைப் பிள்ளைக்குப் பொருத்தாதீர்கள். வயதுக்கு ஏற்ப அட்டவணை மாறும். 15 வயதுப் பெண்ணுக்கு 15.9 முதல் 23.5 வரையும், 15 வயது ஆணுக்கு 16.0 முதல் 22.7 வரையும் வழமையான எல்லை. 13 வயதில் இரண்டும் இதைவிடக் குறைவு.

பிழை வருவது உயரத்தில்தான். சப்பாத்தைக் கழற்றி, குதிகால், பிட்டம், தோள் மூன்றும் சுவரில் பட நிறுத்தி, தலையில் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் குறியுங்கள். கடைத் தராசில் செருப்போடும் ஜக்கெட்டோடும் நின்று எடுத்த எடையை வைத்துப் பிள்ளையின் நிம்மதியைக் கெடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை எடை பார்த்தால் போதும். மாதவிடாய்க்கு முன் நீர் கோத்தே ஒரு கிலோ வரை கூடும். தரம் 1, 4, 7, 10இல் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குப் பிள்ளை கட்டாயம் போகட்டும். போட்டிக்குப் பயிற்சி என்றாலும் அன்று மட்டம் போட வேண்டாம்.

கூடுதல் எடைதான். இரவுச் சாப்பாட்டை நிறுத்தட்டுமா? மெலிய வைக்கும் டீ குடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லை. எடை அப்படியே நிற்க, உயரம் கூடினால் சுட்டி தானாகவே இறங்கும். சாப்பாட்டை வெட்டினால் முதலில் போவது தசையும் மாதவிடாய் ஒழுங்கும். பிறகு இரவு பத்து மணிக்கு பிஸ்கட் பக்கற்றுக்குக் கை போகும்.

'மெலிய வைக்கும்' டீக்கள் பலவற்றில் இருப்பது சென்னா என்னும் பேதி இலை. குறைவது கொழுப்பு இல்லை, தண்ணீரும் மலமும். தொடர்ந்து குடித்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும்.

சீனியில் கை வையுங்கள். ஒரு தேக்கரண்டி 4 முதல் 5 கிராம். இரண்டு கரண்டி போட்டு நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 40 முதல் 50 கிராம், தேநீரில் மட்டும். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனிக்கு நிற அடையாளம் உண்டு. சிவப்பைத் தொடாமல் இருந்தாலே பெரிய காரியம். சோறு, ரொட்டியை நிறுத்தத் தேவையில்லை. இரண்டாவது ரொட்டிக்குப் பதில் ஒரு முட்டையோ, ஒரு கரண்டி பருப்போ போதும். வீட்டில் எல்லாரும் அதையே சாப்பிட வேண்டும். ஒரு பிள்ளையின் தட்டை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தால் அது ஒளித்துச் சாப்பிடத்தான் பழகும்.

நான் எலும்பும் தோலுமாக இருக்கிறேன். ஜிம்முக்குப் போனால் உயரம் நின்றுவிடும் என்கிறார்கள். புரத மா குடிக்கவா?

எடை தூக்கினால் வளர்ச்சி நிற்கும் என்பது பிழையான நம்பிக்கை. ஆபத்து இருப்பது, சொல்லித்தர ஆளில்லாமல் 'எவ்வளவு தூக்குவாய் பார்ப்போம்' என்று பந்தயம் கட்டுவதில். 12 முதல் 15 தடவை முறை பிசகாமல் தூக்க முடிகிற எடையே உங்கள் எடை. வாரம் 2 அல்லது 3 நாள், அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம். முதல் இரண்டு மாதத்தில் பலம் கூடும், கை பருக்காது. அந்தக் காலத்தில் தசையைவிட நரம்புதான் பழகுகிறது. பலர் அந்த இடத்தில்தான் மனம் வெறுத்து மாத்திரை தேடுகிறார்கள்.

புரதக் கணக்கு: 50 கிலோ பையனுக்கு நாளைக்கு 50 கிராம் அளவு, கடும் பயிற்சி என்றால் 60 முதல் 80. இரண்டு முட்டையில் 12, உலர் பருப்பு 50 கிராமில் 12, உலர் சோயா மீட் 50 கிராமில் 25, சோற்றிலும் ரொட்டியிலுமாக இன்னும் 15. மொத்தம் 64. நெத்தலி கொஞ்சம் சேர்ந்தால் இலக்கு தாண்டிவிடும். அந்த விலை உயர்ந்த டின் எதற்கு? ஒல்லிப் பிள்ளைக்குக் குறைவது பெரும்பாலும் மொத்தச் சாப்பாடு. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரொட்டியும் கட்டிப் பருப்பும் சாப்பிடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

தசை பெருக்கும் ஹோர்மோன் ஊசி, மாத்திரை பக்கமே போகாதீர்கள். உயரத்தை உண்மையில் நிறுத்துவது அதுதான். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன் மூடிவிடும், விதை சுருங்கும், முகமெல்லாம் பரு வெடிக்கும்.

கம்பியில் தொங்கினால் உயரமாகலாமா?

ஆகாது. தோளுக்கும் பிடிக்கும் நல்லது, அவ்வளவே. சாத்தியமான உயரத்துக்குச் சுமாரான கணக்கு உண்டு: அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, ஆணுக்கு 13 சேர்த்து, பெண்ணுக்கு 13 கழித்து, பாதியாக்குங்கள். அப்பா 163, அம்மா 150 என்றால் மகனுக்கு 163, மகளுக்கு 150. இதில் 8 செ.மீ. வரை கூடலாம், குறையலாம். சிறு வயதில் சத்து போதாமல் வளர்ந்த அம்மா, அப்பாவாக இருந்தால் பிள்ளை அதைத் தாண்டுவது சாதாரணம். ஆண் பிள்ளைகளின் வேக வளர்ச்சி பெண்களைவிட இரண்டு வருடம் பிந்தித்தான் வரும். தரம் 8இல் உயரம் கூடிக் கடைசி வரிசைக்குப் போன பெண்களைப் பார்த்துப் பையன்கள் கவலைப்படத் தேவையில்லை. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம், எந்த உயர மாவையும்விட மேல்.

வெயிலில் ஆடினால் கறுத்துவிடுவேன் என்று அம்மா விடுவதில்லை. கிறீம் பூசினால் சரியாகுமா?

மலையில் குளிராக இருக்கும், வெயில் உறைக்காது, ஆனாலும் தோல் கறுக்கும். 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். தோல் தன்னைக் காக்க நிறத்தைக் கூட்டுகிறது. கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்கிற அம்மாவின் கை அவருடைய வயிற்றைவிடக் கறுப்பாக இருப்பதும் இதனால்தான். அது நோயும் இல்லை, அழுக்கும் இல்லை. தோல் எரிகிறது என்றால் விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடலாம். காலை 9க்கு முன்னும் மாலை 4க்குப் பின்னும் ஆடலாம்.

வெள்ளையாக்கும் கிறீம்களைப் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் 'பளிச்' என்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அதில் பாதரசமோ, வலுவான ஸ்டீரொய்ட்டோ இருக்கலாம். பாதரசம் தோல் வழியாகப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் தலையணை வழியாகத் தங்கச்சிக்கும் பரவும். பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல் என்ற பெயர்கள் இருந்தால் அவை ஸ்டீரொய்ட். தோல் காகிதம் மாதிரி மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, பரு கிளம்பும். நிறுத்தியதும் முகம் எரிந்து சிவக்கும்; அந்தப் பயத்தில் மறுபடி பூசுவார்கள். மாதக் கணக்கில் பூசியவர்கள் திடீரென நிறுத்தாமல் வைத்தியரிடம் டியூப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரில்லாத சிறு டப்பாவில், உள்ளடக்கம் எழுதாமல் விற்பதை வாங்கவே வேண்டாம்.

மகனுக்கு மார்பு வீங்கியிருக்கிறது. சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான்.

பருவமடையும் ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். முலைக்காம்பின் கீழே நாணயம் அளவு கட்டியாக, தொட்டால் நோகும். 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் அனேகமாகத் தானே வற்றிவிடும். வேகமாகப் பெருத்தால், கசிவு வந்தால் காட்டுங்கள். இரண்டு அணிக்கு ஒன்று சட்டையோடும் மற்றது சட்டையில்லாமலும் ஆடும் வழக்கத்தைக் கைவிட்டு, கையில் ரிப்பன் கட்டச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் அது.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர். வெளியே ஆடினால் ஊர் பார்க்கும். எங்கே பயிற்சி செய்வது?

இஸ்தோப்புப் படி ஒன்று, சுவர் ஒன்று, கயிறு ஒன்று. 20 நிமிடம்.

படி: 15 முதல் 20 செ.மீ. உயரம். பாதம் முழுதும் படியில் பட வேண்டும். குதிகால் வெளியே தொங்கினால் கெண்டைத் தசை பிடிக்கும். ஏறும்போது முழங்கால் உட்பக்கம் சாயாமல், இரண்டாவது கால்விரலுக்கு நேரே போகட்டும். இறங்கும்போது மூன்று எண்ணி மெதுவாக. ஒரு காலுக்கு 10, மறு காலுக்கு 10. இப்படி மூன்று சுற்று.

சுவர்: ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கையை நெஞ்சு மட்டத்தில் ஊன்றி, உடம்பை ஒரே கோடாக வைத்து முகத்தைச் சுவர் வரை கொண்டுபோய் வாருங்கள். 15 சுலபமானால் கட்டில் விளிம்புக்கு மாறுங்கள், பிறகு தரைக்கு. இடுப்பு தொங்கினால் அந்த எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள்.

கயிறு: நடுவில் மிதித்து நின்றால் இரு நுனியும் அக்குள் வரை வர வேண்டும். சாக்குக் கயிறு லேசாக இருந்தால் சுற்றாது. ஒரு நாள் நனைத்துக் காயவைத்தால் கொஞ்சம் கனக்கும். 30 விநாடி குதி, 30 விநாடி நில். இப்படிப் பத்துத் தடவை. நிலத்திலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பினால் போதும். கையைச் சுழற்றாமல் மணிக்கட்டைச் சுழற்றுங்கள். பெரும்பாலானவர்கள் களைப்பது காலால் அல்ல, தோளால்.

கூரை தாழ்வு, வெளியிலும் குதிக்க முடியாது என்றால் கயிறு இல்லாமலே, கயிறு இருப்பதாக நினைத்துக் குதியுங்கள். எலும்புக்குக் கயிறு தெரியாது. பொழுது? காலை 5.30, லயம் எழும்புமுன். அல்லது அக்கா தங்கச்சி இருவராகச் சேர்ந்து. ஒருத்தியாக ஆடினால்தான் ஊர் பார்க்கும். நாலு பேர் ஆடினால் அது விளையாட்டு.

மழை, அட்டை, குளவி. ஓடுவதற்கு எதை நம்புவது?

ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்கள் ஈரம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமின்னல், அதனால் காலையில் ஓடுங்கள். இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள்; கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். ஒற்றை மரத்தடி வேண்டாம்.

குளவிக் கூடு தெரிந்த மலைப் பாதையை அன்றைக்கே மாற்றுங்கள். கல்லெறிந்து பார்ப்பது உயிரோடு விளையாட்டு. பல இடங்களில் கொட்டினாலோ, முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ உடனே வைத்தியசாலைக்கு. அட்டையை இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் மெல்ல நெருடி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைத்து இரவில் ஒருமுறை தாளை மாற்றினால் காலையில் போடலாம். அடுப்புக்கு மேல் தொங்கவிட்டால் பசை விட்டுப்போகும். சப்பாத்தின் முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம் இருக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே முட்டுப்போல வீங்கி வலிக்கிறது.

10 முதல் 15 வயதில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு, தொடைத் தசையின் நாண் இழுக்கும் இடத்தில் எலும்பு நோகும். வளர்ச்சி முடிய ஆறிவிடும். குதிப்பதையும் இறக்கத்தில் ஓடுவதையும் சில வாரம் குறைத்து, 15 நிமிடம் ஐஸ் வைத்து, தொடையை நீட்டிவிடுங்கள். இரவில் எழுப்பும் வலி, காய்ச்சலோடு வலி, நொண்டல் என்றால் காட்டுங்கள்.

போனில் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை.

30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில் கமராவுக்கு அருகிலுள்ள மூக்கு பெருத்தும், காது சிறுத்தும் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி யாரையாவது எடுக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அழகூட்டும் வடிகட்டி அதே மூக்கைச் சுருக்கி, நிறத்தை வெளுப்பாக்குகிறது. அது என்ன நிறத்தை நோக்கிப் போகிறது என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் தெரிவு செய்ய விடாதீர்கள். கடைசியாக நிற்பது எப்போதும் அதே குண்டுப் பிள்ளை, அதே குள்ளப் பிள்ளை. 1, 2 என்று எண்ணிப் பிரியுங்கள். எடையை வரிசையில் நிறுத்திச் சத்தமாக வாசிக்க வேண்டாம். தண்டனையாக மைதானத்தைச் சுற்றச் சொன்னால் அன்றோடு ஓட்டம் தண்டனையாகிவிடும். 'யானை', 'ஈர்க்குச்சி', 'கரிச்சட்டி' என்ற பட்டப்பெயர்களைச் சேர் சிரித்துக்கொண்டு கேட்டால் அவை ஆறு வருடம் நிலைக்கும். முன்னால் ஓடுபவரின் நேரத்தை மட்டும் எழுதாமல், ஒவ்வொருவரின் போன மாத நேரத்தையும் இந்த மாத நேரத்தையும் எழுதுங்கள்.

இந்த உடம்புக்கு இந்த விளையாட்டு சரிப்படாது என்று யார் சொன்னாலும் கண்டியில் 1972இல் பிறந்த முத்தையா முரளிதரனின் கையை நினைக்கலாம். பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை. டெஸ்ட் விக்கெட் 800.

எப்போது, யாரிடம் போக வேண்டும்?

ஒழுங்காக வந்த மாதவிடாய் 3 மாதம் நின்றால். 15 வயதாகியும் பூப்படையாவிட்டால். சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தால். சாப்பிட்டதற்குப் பரிகாரமாகக் காய்ச்சலிலும் காலுளுக்கிலும்கூட ஓடினால். எடை வேகமாக இறங்கினால். ஓடும்போது மயங்கி விழுந்தால். கடைசியில் சொன்னதற்கு அன்றைக்கே போங்கள்.

முதல் படி, தோட்டத்துக்கு வரும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பதின்ம வயதினருக்கென 'யொவுன் பியச' நிலையங்கள் சில வைத்தியசாலைகளில் உண்டு. மனம் விட்டுப் பேச தேசிய மனநல உதவி இலக்கம் 1926. துன்புறுத்தல் என்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929.

சீசனில் சிவனொளிபாத மலைக்குப் போகிறோம். எடை கூடிய பிள்ளை ஏறுமா?

ஏறும். ஹட்டன் வழியில், நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 5,500 படி. மூன்று வாரம் முன்பே, ஒன்றுவிட்டு ஒரு நாள், வீட்டருகே உள்ள படிக்கட்டில் 10 நிமிடம் ஏறி இறங்கட்டும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். அன்று பிள்ளையின் வேகத்துக்கு எல்லாரும் நடக்க வேண்டும். முன்னால் போய் நின்று, பிள்ளை வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பினால் அதற்கு ஓய்வே கிடையாது. உச்சியில் வேர்வைச் சட்டையை உடனே மாற்றுங்கள், காற்று குத்தும்.

தொடை வலிப்பது ஏற்றத்தால் அல்ல, இறக்கத்தால். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூடும். பயப்பட ஒன்றுமில்லை, மெல்ல நடந்தால் இளகும். இரண்டு நாள் முன்பே கால் நகங்களை வெட்டிவிடுங்கள். இறங்கும்போது பெருவிரல் சப்பாத்தின் முனையில் இடித்து நகம் கறுப்பது அங்கேதான்.